கர்ட் வார்னர் நடுவில் ஐந்து வருடம் எங்கே போனார்?

மாடிவீட்டு மணி:
அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்து இரண்டு சீசன்தான் ஆகிறது, கேள்வி அபத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய குவார்ட்டர்பேக்குகளை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது கர்ட் வார்னர் மாட்டினார். அயோவாவில் மளிகைக் கடையில் ராத்திரி ஷிஃப்டில் அலமாரிக்குச் சரக்கு அடுக்கியவர், 28 வயதில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு ஆடி 1999 சீசனின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) ஆகி, அதே கையோடு சூப்பர் பவுலும் (சீசனின் இறுதி ஆட்டம்) ஜெயித்தார். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான் போல. எனக்குப் புரியாதது அதற்கு அப்புறம் வருவது. 2001-ல் மறுபடி எம்விபி. 2003-ல் பெஞ்ச். 2004-ல் நியூயார்க் ஜயன்ட்ஸில் ஒன்பது ஆட்டம், திரும்பவும் பெஞ்ச். அரிசோனா கார்டினல்ஸ் போன பிறகும் பெஞ்ச். திடீரென்று 2008 சீசனில், 37 வயதில், அந்த அரிசோனாவையே சூப்பர் பவுலுக்கு இழுத்துக்கொண்டு போகிறார். நடுவில் என்னதான் ஆச்சு? ஒருத்தருக்கு ஆட்டம் மறந்துபோய் மறுபடி ஞாபகம் வருமா?

நாலாவது டவுன்:
ஆட்டம் மறக்கவில்லை, கை போய்விட்டது. 2002-ல் வலது கைச் சுண்டுவிரல் உடைந்தது, அதாவது எறிகிற கை. சுண்டுவிரல்தானே என்று தோன்றும். ஆனால் குவார்ட்டர்பேக் பந்தைப் பிடிக்கும்போது பெரும்பாலும் மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் தையல் மேல் உட்காரும், பிடி அங்கேதான் இருக்கிறது. அந்த வருடம் அவர் தொடங்கிய ஆறு ஆட்டமும் தோல்வி, 3 டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது), 11 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). 2003-ன் முதல் ஆட்டம் ஜயன்ட்ஸுடன், அதில் ஆறு முறை பந்தை நழுவவிட்டார், தலையிலும் அடி. அடுத்த ஆட்டத்திலிருந்து அவர் இடத்துக்கு மார்க் பல்ஜர் வந்தார், வார்னருக்கு அங்கே கதவு சாத்தியாகிவிட்டது.

சோஃபா கோச்:
எல்லாரும் அடிக்க வருவீர்கள், பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். அந்த ராம்ஸ் அணியில் யார் எறிந்திருந்தாலும் ஓடியிருக்கும். பின்னாலிருந்து பந்தோடு ஓட மார்ஷல் ஃபாக், இரண்டு பக்கமும் பந்தைப் பிடிக்க ஐசக் புரூஸ், டோரி ஹோல்ட், முன்னால் காவலுக்கு ஒர்லாண்டோ பேஸ், திட்டம் போட மைக் மார்ட்ஸ். பல்ஜர் வந்த 2003-லேயே 12 வெற்றி 4 தோல்வி, போதுமா? 1999-ல் வார்னருக்கு இடம் கிடைத்ததே சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் டிரென்ட் கிரீன் முழங்கால் போனதால்தான். அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகமாகவே அடித்த மனிதர்.

எட்டுப் பேர் ஆட்டம்:
சோஃபா கோச் அண்ணா, அதிர்ஷ்டம் என்றால் அதே வருட ஆரம்பத்தில் க்ளீவ்லேண்ட் பிரவுன்ஸ் புதிதாக அணி கட்டுவதற்கு ஆள் எடுத்தபோது, ராம்ஸ் இவரை 'வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று திறந்துதான் விட்டார்கள், அவர்களும் எடுக்கவில்லை. அதையும் கணக்கில் சேருங்கள்.

நான் அரீனா ஃபுட்பால் (மூடிய அரங்குக்குள் ஆடும் சின்ன வடிவம்) பைத்தியம், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 1995 முதல் 1997 வரை மூன்று சீசன் டிமாய்னில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு ஆடினார். ஐஸ் ஹாக்கி அரங்கு அளவுதான் மைதானம், நீளம் 50 யார்டு, பக்கத்துக்கு எட்டுப் பேர், ஓரத்தில் கோடு கிடையாது, மெத்தை வைத்த சுவர். பந்து கைக்கு வந்ததும் எறிந்தாக வேண்டும், யோசித்தால் மேலே ஆள் விழுந்திருக்கும். ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) திரும்புவதற்கு முன்னாலேயே பந்தை அவர் வரப்போகிற இடத்துக்கு அனுப்பும் பழக்கம் அங்கே வந்ததுதான். அப்புறம் 1998-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சீசன், அதற்குப் பிறகுதான் ராம்ஸ். 1999-ல் 41 டச் டவுன் எறிந்தது வானத்திலிருந்து விழவில்லை.

இதே மனிதரிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. ரிசீவர் பிரிந்து வருவார் என்று தெரிந்தால், தன்னை நோக்கி ஒரு ஆள் பாய்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே கடைசி நொடி வரை பந்தைக் கையில் வைத்திருப்பார். காவலுக்கு நிற்கிற முன்வரிசை நன்றாக இருந்தால் இது அழகு, இல்லாவிட்டால் விரல் உடையும். ஜயன்ட்ஸில் நடந்ததில் பாதி அதுதான்.

நாலாவது டவுன்:
ஜயன்ட்ஸில் மீதிப் பாதி ஈலை மேனிங் என்ற புது குவார்ட்டர்பேக். டிராஃப்டின் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளை வாங்கி வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார வைப்பார்கள்? வார்னர் ஐந்து வெற்றி நான்கு தோல்வி என்று இருக்கும்போதே மாற்றிவிட்டார்கள். அரிசோனாவிலும் அதே கதை, 2006-ல் மாட் லைனார்ட் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். வரப்போகிற மாப்பிள்ளைக்கு நாற்காலியைத் துடைத்து வைக்கிற வேலை.

2007 அக்டோபரில் லைனார்ட்டுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது, வார்னர் உள்ளே வந்தார், அந்த வருடம் 27 டச் டவுன். அந்தக் காலத்து ஆட்டங்களைப் பார்த்தால் ஒன்று கவனியுங்கள், இரண்டு கையிலும் கையுறை போட்டிருப்பார். பிடிக்காகத்தான். குவார்ட்டர்பேக் எறிகிற கையில் கையுறை போடுவதை, அதுவும் வெயில் ஊரில், அப்போது விசித்திரமாகப் பார்த்தார்கள்.

சோஃபா கோச்:
சரி, அரிசோனாவுக்கு என் கணக்கில் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன் சூப்பர் பவுல் வாசலையே மிதிக்காத அணி அது. ரிசீவர் லேரி ஃபிட்ஸ்ஜெரால்டு இருந்தார் என்று சொல்லலாம், ஆனால் அவர் 2004-லிருந்தே இருந்தார். 2010 ஜனவரியில் கிரீன்பேயுடன் நடந்த பிளேஆஃப் (சீசன் முடிவில் தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தேன், அரிசோனா ஜெயித்தது 51-45. வார்னர் 33 எறிந்து 29 சேர்ந்தது, டச் டவுன் ஐந்து, தவறியது நாலே நாலு. தவறியதைவிட டச் டவுன் அதிகம்! அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸில் இன்டர்செப்ஷனுக்குப் பின்னால் ஓடியவரை ஒருவர் இடித்துச் சாய்த்தார், அந்த மாதக் கடைசியிலேயே ஓய்வு அறிவித்துவிட்டார்.

மாடிவீட்டு மணி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடன் ஆடிய அந்தச் சூப்பர் பவுலை முழுசாகப் பார்த்தேன். கையுறையும் கண்ணில் பட்டது. ஆனால் இடைவேளைக்கு முன்னால் ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன் பந்தைப் பிடித்து 100 யார்டு ஓடுகிறாரே, வயிறு எரிந்தது. அது வார்னர் தப்பா, ரிசீவர் தப்பா?

எட்டுப் பேர் ஆட்டம்:
வார்னருடையதுதான். ஹாரிசன் தன் மேல் பாய வருவார் என்று கணக்குப் போட்டார், அவர் பாய்வது போல் வந்து பின்வாங்கி நின்றுகொண்டார். அரிசோனா ரிசீவர் போல்டினுக்குப் போன பந்து நேராக ஹாரிசன் கையில். அப்போது பிட்ஸ்பர்க் 10-7 என்று முன்னால், அரிசோனா ஒரு யார்டு கோட்டில், டச் டவுன் போட்டிருந்தால் முன்னிலை. அது 17-7 ஆனது. கடைசியில் தோற்றது நாலு புள்ளியில், 27-23.