பலகையில் 11 அடி 8, லாரியில் 12 அடி

தாழ்வான பாலத்துக்கு முன்னால் வைக்கிற உயரப் பலகைகளில் கண்ட கூத்துகளை இந்த இழையில் போடுங்கள். டர்ஹாமில் இருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், டர்ஹாம் நகரம், கிரெக்சன் தெரு ரயில் பாலம். 1940 வாக்கில் கட்டியது. 2019 வரை அடியில் இடைவெளி 11 அடி 8 அங்குலம், அதாவது 3.56 மீட்டர். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'கேன் ஓப்பனர்'. 2008 முதல் பக்கத்தில் ஒரு கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. மோதல் கணக்கு நூறைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. பலகை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உயரத்தைச் சொல்லும் பலகை, மின்னும் மஞ்சள் விளக்கு, உயரத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் எல்லாம் உண்டு. 2016இல் பாலத்துக்குச் சற்று முன்னால், பீபாடி தெரு முனையில் சிக்னலும் வைத்தார்கள். உயரமான வண்டி வந்தால் சிக்னல் சிவப்புக்கு மாறும், பக்கத்தில் 'உயரம் அதிகம், திரும்பியே ஆகவேண்டும்' என்று எழுத்து ஒளிரும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சிவப்புக்கு முன் மஞ்சள் விழ வேண்டுமே! மஞ்சளைப் பார்த்த டிரைவர் என்ன செய்வார்? ஆக்சிலேட்டரை அழுத்துவார். நிறுத்தப் போட்ட சிக்னலே சில வண்டிகளைக் கூடுதல் வேகத்தில் பாலத்துக்கு அனுப்பியது. இன்னொரு ரகம் ஒழுங்காகச் சிவப்பில் நின்று, எழுத்தை நிமிர்ந்தும் பார்க்காமல், பச்சை விழுந்ததும் நேராகப் போய் இடிக்கும்.

* * *

கூரை மட்டும் ஏன் வாழைப்பழத் தோல் மாதிரி உரிகிறது என்று அந்தக் கேமராவின் ஒவ்வொரு மோதல் வீடியோவின் கீழும் யாராவது கேட்கிறார்கள். வாடகைக்கு விடும் பாக்ஸ் லாரியின் கூரை மெல்லிய அலுமினியத் தகடு அல்லது ஃபைபர். அதைத் தாங்குவது சில வளைவுக் கம்பிகளும் ஓரத்து ரிவெட்டுகளும்தான். 12 அடி லாரி 11 அடி 8இல் நுழைந்தால் முட்டுவது மேல் நான்கு அங்குலம் மட்டும். பாலத்துக்கு முன் கனத்த இரும்பு உத்தரம் ஒன்று இருக்கிறது. அடி அதில்தான் விழும், தண்டவாளத்துக்குப் போகாது. அதன் விளிம்பு பெட்டியின் முன் நெற்றியைப் பிடித்ததும் ரிவெட்டுகள் வரிசையாகத் தெறித்து, தகடு பாய் சுருட்டுவதுபோல் பின்னால் சுருளும். வண்டி அடுத்த பக்கம் வெளியே வந்துவிடும். வித்தியாசம் ஓர் அடிக்கு மேல் என்றால் நெற்றிச் சுவரே உள்ளே மடங்கி, லாரி அங்கேயே நிற்கும். கேரவனாக இருந்தால் கூரை ஏசிப் பெட்டி மட்டும் சாலையில் கிடக்கும்.

* * *

'சாலையைத் தோண்டிவிட வேண்டியதுதானே?' என்று கேட்பவர்களுக்கு: அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய் போகிறது. 'பாலத்தைத் தூக்கலாமே?' என்றால், பக்கத்து ரயில்வே கேட்டுகளில் தண்டவாளம் சாலை மட்டத்தில் இருக்கிறது. பாலத்தில் ஏற்றினால் அதற்கேற்ற சரிவை நீண்ட தூரத்துக்குக் கொடுக்க வேண்டும். 2019 அக்டோபரில் முடிந்த அளவுக்குத் தூக்கினார்கள்: எட்டு அங்குலம். இப்போது 12 அடி 4, அதாவது 3.76 மீட்டர். '11 அடி 8' என்று பெயர் வாங்கிய வீடியோ தளம், பெயரை மாற்றாமல் பின்னால் '+8' என்று மட்டும் சேர்த்துக்கொண்டது. இந்தத் தலைப்பில் நான் பார்த்ததிலேயே நல்ல நகைச்சுவை அதுதான். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அடுத்த லாரி இடித்துவிட்டது. பன்னிரண்டரை, பதின்மூன்று அடிப் பெட்டிகளுக்கு எட்டு அங்குலம் எந்த மூலைக்கு?

* * *

பாஸ்டன்காரர்கள் இதற்கு ஒரு வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். ஸ்டாரோ டிரைவ் 1951இல் கார்களுக்காகத் திறந்த ஆற்றோரச் சாலை, பாலங்கள் தாழ்வு. லாரி மாட்டினால் 'ஸ்டாரோ ஆகிவிட்டது' என்பார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி ஊரில் ஏராளமான வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் மாறும் நாள். அன்று மாணவர்கள் வாழ்நாளில் முதல்முறையாக லாரி ஓட்டுவார்கள், ஃபோனில் கார் வழியைப் போட்டுக்கொண்டு. நுழைவுகளில் 'கார்கள் மட்டும்' என்ற பலகை சங்கிலியில் தொங்கும். லாரி கூரையில் அது தட்டும் சத்தத்தைக் கேட்டும் உள்ளே போகிறவர்கள் உண்டு.

* * *

தொங்கும் பலகை பயன்படாது என்று சொல்லிவிட முடியாது. மெல்பர்ன் மான்டேகு தெருப் பாலம் 3 மீட்டர்தான். மேலே 109ஆம் எண் டிராம் போகிறது. கடைசியாக இடிபட்டு எத்தனை நாள் என்று எண்ணுவதற்கென்றே ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் பயணிகளோடு ஒரு பேருந்து மாட்டிய பிறகு, இரு பக்கமும் சட்டகம் நிறுத்தி மஞ்சள்-கறுப்புத் துடுப்புகளைத் தொங்கவிட்டார்கள். வாசல் நிலை நெற்றியில் இடித்த பிறகு குனிகிற ஜாதி நாம். பாலம் இடிப்பதற்கு முன் துடுப்பு இடிக்கட்டும் என்பது கணக்கு. ஆனாலும் அந்த எண்ணிக்கை அவ்வப்போது பூஜ்யத்துக்குத் திரும்பத்தான் செய்கிறது. நம் ஊர் மின்மயமான ரயில்வே கேட்டுகளின் இரு பக்கமும் நிற்கும் குறுக்குக் கம்பமும் இதே வேலைதான். அங்கே காப்பாற்றுவது பாலத்தை அல்ல, 25,000 வோல்ட் கம்பியிடமிருந்து லாரியை.

சிட்னி துறைமுகச் சுரங்கப்பாதையில் ஒருபடி மேலே போனார்கள். பலகை, விளக்கு எதையும் மதிக்காமல் வரும் உயரமான லாரிக்கு முன் மேலிருந்து தண்ணீர்த் திரை கொட்டும். அதன் மீது சாலை அகலத்துக்கு 'ஸ்டாப்' என்று சிவப்பு ஒளி விழும். அதற்குப் பிரேக் போடாதவரைப் பார்ப்பது அரிது. இடித்தால் எதுவும் உடையாது. கண்ணாடி மட்டும் நனையும்.

* * *

சிரித்தது போதும், ஓட்டுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பலகை பெரும்பாலும் சரியான எண்ணைத்தான் சொல்கிறது. டிரைவருக்குத் தன் வண்டியின் உயரம் தெரியாது, கோளாறு அங்கேதான். வாடகை லாரியில் உயரம் கேபினுக்குள் ஸ்டிக்கராக இருக்கும், பெரும்பாலும் வெயில் மறைப்பில். இல்லையென்றால் சமதளத்தில் நிறுத்தி, கூரையின் மிக உயர்ந்த புள்ளிக்குக் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்து, அதன் அடியிலிருந்து தரைவரை டேப் பிடியுங்கள். ஏசி, ஆன்டெனா, தார்ப்பாய்க் கட்டு எல்லாம் கணக்கில் வரும். அடி, மீட்டர் இரண்டிலும் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டுங்கள்.

சுமையோடு அளந்த உயரம், காலி வண்டிக்குச் செல்லாது. சுமை இறங்கினால் ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து கூரை சில அங்குலம் ஏறும். போகும்போது நுழைந்த பாலத்தில் திரும்பும்போது மாட்டுவது இதனால்தான். பாலத்தடியில் சாலை குழிந்திருந்தால் நீண்ட டிரெய்லருக்கு இன்னொரு வினை: முன் பின் சக்கரங்கள் இரு மேடுகளில் நிற்க, நடுக்கூரை உத்தரத்தை நெருங்கும். புதிதாகத் தார் போட்ட சாலை என்றால் பழைய பலகையை நம்பாதீர்கள். இரண்டு அங்குலம் அங்கேயே போயிருக்கும்.

* * *

பிரிட்டனில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: சிவப்பு வட்டத்துக்குள் உயரம் இருந்தால் தடை, மீறினால் குற்றம். முக்கோணம் என்றால் எச்சரிக்கை. பெரும்பாலும் வளைவுப் பாலங்களுக்கு. அங்கே நடுவில்தான் உயரம் கிடைக்கும், ஓரமாகப் போனால் தோள் இடிக்கும்.

மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் போட்டு இழுக்காதீர்கள். மடிந்த தகடு கொக்கிபோல் பிடித்துக்கொண்டு மிச்சக் கூரையையும் கொண்டுபோகும். முதல் வேலை ஃபோன். பிரிட்டன் ரயில் பாலங்களில் பாலத்தின் அடையாள எண்ணும் தொலைபேசி எண்ணும் எழுதிய தகடு இருக்கும். தண்டவாளம் நகர்ந்திருக்கலாம், அடுத்த ரயிலை நிறுத்த வேண்டும். ரயில்வேக்காரர்கள் சரி என்ற பிறகு டயர்களில் காற்றை இரு பக்கமும் சமமாக இறக்கி, சில அங்குலம் தாழ்ந்ததும் மெதுவாகப் பின்னால் எடுக்கலாம். மறுபடி அடிக்கக் காற்றுக்கு வழி வைத்துக்கொண்டு இறக்குங்கள்.