நானே சர்வீஸ் செய்தேன், இப்போது வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

முதல்ஸ்பேனர்:
வணக்கம். வண்டி 150 சிசி, ஐந்து கியர், பின்னால் டிரம் பிரேக், 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில்லில் பாதி கூலியாகவே போகிறதே, இதில் நம்மால் முடியாதது என்ன இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்துவிட்டேன். ஆயில் மாற்றினேன், ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டேன், செயினைக் கழுவி இறுக்கினேன், கிளட்ச் கேபிளுக்கு ஆயில் விட்டு அதையும் டைட் செய்தேன். மாலையில் ஒரு சுற்றுப் போனபோது வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. வீட்டில் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

இரண்டே நாளில் ஆரம்பித்தது. நாலாவது, ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. மேடு ஏறும்போதும் பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் இன்னும் மோசம். முதல் இரண்டு கியரில் அவ்வளவாகத் தெரியவில்லை. இது போதாதென்று ஆயில் வடிக்கிற போல்ட்டில் கசிவு, காலையில் பார்த்தால் தரையில் ஒரு சொட்டு. செயின் பக்கமிருந்து 'கர்ர்... கர்ர்...' என்று விட்டு விட்டு ஒரு சத்தம் வேறு.

தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். வண்டியைப் பார்க்காமலே, "கிளட்ச் பிளேட் செட் போச்சு, கொண்டுவந்து விடு" என்கிறார். காசு மிச்சம் பிடிக்கப் போய் கூடுதல் செலவில் வந்து நிற்கிறேன். நிஜமாகவே பிளேட் மாற்றத்தான் வேண்டுமா, இல்லை நான்தான் எதையாவது கெடுத்து வைத்திருக்கிறேனா?

வேகத்தடை:
38,000 கி.மீ. ஆகிவிட்டதல்லவா, பிளேட் தேய்ந்திருக்கும். மாற்றிவிடுங்கள், நிம்மதி.

எண்ணெய்க்கை:
அவசரப்படாதீர்கள். என்ன ஆயில் ஊற்றினீர்கள்? டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் ஊறும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்கிற தரக்குறி) என்று போட்டிருக்கிறதா? கார் ஆயில் மிச்சம் இருந்தது என்று ஊற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம், நானே செய்திருக்கிறேன். காரில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்கு வெளியே உலர்ந்து கிடக்கும். கியர் பைக்கில் அதே ஆயிலில்தான் கிளட்ச் பிளேட்டும் ஊறிக்கொண்டிருக்கும். உராய்வைக் குறைக்கிற சரக்கு சேர்த்த கார் ஆயிலை அதில் ஊற்றினால் பிளேட் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும்.

முதல்ஸ்பேனர்:
கார் ஆயில் இல்லை அண்ணா. கையேட்டில் சொன்ன அதே 10டபிள்யூ-30 தடிமன் ஆயில், டப்பாவில் எம்ஏ2 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம். கையேட்டில் 900 மி.லி. என்று இருந்தது, நான் ஒரு லிட்டர் டப்பாவை முழுதாகக் கவிழ்த்துவிட்டேன். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை விட்டுப் பார்த்தபோது 900-க்கு மேல் ஊற்றியும் குறைவாகத்தான் காட்டியது, அதனால்தான் மிச்சத்தையும் ஊற்றினேன்.

எண்ணெய்க்கை:
சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தீர்களா?

முதல்ஸ்பேனர்:
ஆமாம்.

எண்ணெய்க்கை:
அதுதான். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கும், உள்ளே ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும், குச்சி வலது பக்கம் இருந்தால் குறைவாகத்தான் காட்டும். சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு அப்புறம் பாருங்கள். குச்சியைத் திருகி எடுப்பதா, சும்மா வைத்து எடுப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். ஆயில் கூடினால் வண்டி கனமாக இழுக்கும், மிஞ்சியது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய் ஊறும். ஆனால் 100 மி.லி. கூடியதால் மட்டும் கிளட்ச் வழுக்காது. வேறு ஏதோ இருக்கிறது.

பழையசெயின்:
தம்பி, காசு செலவில்லாமல் அரை நிமிடத்தில் ஒன்று பார்த்துச் சொல்லு. எஞ்சினை அணைத்துவிட்டு கிளட்ச் லிவரை ஒரு விரலால் லேசாக இழு. கேபிள் இறுகத் தொடங்கும் முன் லிவரின் நுனி எவ்வளவு தூரம் சும்மா ஆடுகிறது? ஸ்கேல் வைத்து அளந்து எழுது. பிளேட்டை அப்புறம் பார்ப்போம்.

முதல்ஸ்பேனர்:
சும்மா ஆடவே இல்லை அண்ணா. தொட்டவுடனே இறுக்கமாக இருக்கிறது. முன்பு லொடலொடவென்று ஆடியது, அது தப்பு என்று நினைத்துத்தான் இறுக்கினேன்.

பழையசெயின்:
அந்த லொடலொடதான் 'ப்ளே'. அது வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கச் சொல்வார்கள், உன் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதை வை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மறக்க மாட்டாய். கிளட்ச்சுக்குள் பிளேட்டுகளை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். லிவரை இழுத்தால் கேபிள் அந்த அழுத்தத்தை விலக்கும். நீ கேபிளை முழுக்க இறுக்கி வைத்ததால், லிவரைத் தொடாதபோதும் யாரோ அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. அரை கிளட்ச்சில் வண்டி ஓட்டுகிறாய் என்று வைத்துக்கொள். மேல் கியரில் மேட்டில் முழு சுமை விழும்போது பிளேட் பிடிக்க முடியாமல் சுற்றுகிறது. இன்னொன்று, பிளேட் தேயத் தேய இந்த ப்ளே தானாகவே குறைந்துகொண்டு வரும். அதனால் லேசாக ஆட்டம் வைத்து, மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

லிவர் பக்கத்தில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை உள்ளே விட்டு 15 மி.மீ. வை. அங்கே போதவில்லை என்றால் எஞ்சின் பக்கத்தில் இன்னொரு திருகு இருக்கும். பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி ப்ளே மாறாமல் இருக்கிறதா பார். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் முழுக்க முறுக்கு. எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் சரி. சத்தம் மட்டும் துள்ளினால் அப்போது பிளேட்டைப் பற்றிப் பேசலாம்.

வேகத்தடை:
கேபிள் சரி செய்தும் போகவில்லை என்றால் பிளேட்தான். சொல்லிவிட்டேன்.

முதல்ஸ்பேனர்:
15 மி.மீ. வைத்தேன், ஓட்டியும் பார்த்துவிட்டேன். நாலாவது கியரில் ஸ்லிப் இல்லை! ஐந்தாவதில் மேட்டில் மட்டும் ஒரு முறை லேசாகத் துள்ளியது மாதிரி இருந்தது, என் சந்தேகமாகவும் இருக்கலாம்.

பழையசெயின்:
சரி செய்யும் முன் வழுக்கவிட்டே எத்தனை கி.மீ. ஓட்டினாய்?

முதல்ஸ்பேனர்:
இரண்டு நாளில் 60, 70 கி.மீ. இருக்கும்.

பழையசெயின்:
பிளேட் கொஞ்சம் சூடு கண்டிருக்கும், எரிந்திருக்காது. சில நாள் சாதாரணமாக ஓட்டு, மேட்டில் முறுக்கிச் சோதித்துக்கொண்டே இருக்காதே. மறுபடியும் தெளிவாக வழுக்கினால்தான் பிளேட்.

இப்போது மற்ற இரண்டுக்கு வருவோம். அந்தக் கசிவுக்கு போல்ட்டை இன்னும் இறுக்கினாயா?

முதல்ஸ்பேனர்:
ஒரு சுற்று இறுக்கலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். உங்கள் பதில் வரட்டும் என்று வைத்துவிட்டேன்.

எண்ணெய்க்கை:
நல்ல காரியம் செய்தீர்கள். போல்ட் இரும்பு, அது இறங்குகிற எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். இறுக்க இறுக்க கசிவு நிற்காது, ஒரு கட்டத்தில் 'சளக்' என்று கை இலகுவாகும், அத்தோடு உள்மரை போச்சு. மரைக்குள் புது ஸ்பிரிங் மரை போட்டு சரி செய்ய லேத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். பழைய வாஷரையே திரும்பப் போட்டீர்களா?

முதல்ஸ்பேனர்:
வாஷரா? ஒரு வளையம் போல்ட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத்தான் சொல்கிறீர்களா?

எண்ணெய்க்கை:
அதுவேதான். செம்பு அல்லது அலுமினிய வாஷர். முதல் முறை இறுக்கும்போது நசுங்கி இடத்தை அடைக்கும், ஒரு முறை நசுங்கியது அடுத்த முறை அதே மாதிரி அடைக்காது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது போடுங்கள், ரொம்பச் சின்ன செலவு. எப்படியும் ஆயில் கூடுதலாக இருக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம்: நன்றாகக் கழுவிக் காயவைத்த பாத்திரத்தில் ஆயிலை வடித்து, புது வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, அதே ஆயிலில் 900 மி.லி. மட்டும் அளந்து ஊற்றுங்கள். இரண்டு நாள் ஓடிய ஆயில்தானே, தூக்கிப் போட வேண்டாம். போல்ட்டை முதல் சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள், ஸ்பேனர் கடைசியில்தான்.

வேகத்தடை:
போன ஞாயிறு வடித்த பழைய ஆயில் இருந்தால் செயினுக்கு விடுங்கள், நான் அப்படித்தான்.

பழையசெயின்:
வேண்டாம். அதில் எஞ்சின் தேய்ந்த உலோகத் தூளும் கரியும் இருக்கும், செயினுக்கு மணல் போட்டு அரைக்கிற மாதிரி. அதை மூடிய கேனில் வைத்து பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடு. சாக்கடையில் ஊற்றாதே. சரி, செயினை எப்படிக் கழுவினாய்?

முதல்ஸ்பேனர்:
சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து முதல் கியரில் ஓடவிட்டு, துணியில் மண்ணெண்ணெய் நனைத்துப் பிடித்தேன். சீக்கிரம் முடிந்தது.

பழையசெயின்:
தம்பி, இனி அதைச் செய்யவே செய்யாதே. துணியின் ஒரு நூல் பல்லில் மாட்டினால் துணியோடு விரலும் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போய்விடும், கையை இழுக்க நேரமே இருக்காது. எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக் கழுவு. பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

மண்ணெண்ணெய் பரவாயில்லை. ரப்பர் வளையம் உள்ள செயின் என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷும் கூடாது. இனி சத்தம். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை உரசினால் டிரம் பிரேக்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயினை இறுக்க சக்கரத்தைப் பின்னால் தள்ளும்போது பெடலையும் பின் பிரேக்கையும் இணைக்கிற கம்பியான பிரேக் ராடும் சேர்ந்து இழுபட்டு பிரேக் பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய மூன்று சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் செயினில்தான் கோளாறு, செயின் ஒரு முறை முழுதாக ஓடிவர சக்கரம் அவ்வளவு சுற்ற வேண்டும்.

முதல்ஸ்பேனர்:
சுண்ணாம்புக்கட்டியால் டயரில் ஒரு கோடும் செயினில் ஒரு கோடும் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். மூன்று சுற்றுக்கு ஒரு தடவைதான். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் அளந்தால் ஓர் இடத்தில் 28 மி.மீ. ஆடுகிறது, இன்னோர் இடத்தில் 5 மி.மீ. கூட இல்லை, கம்பி மாதிரி விறைப்பு. அன்றைக்கு ஒரே இடத்தில்தான் அளந்து இறுக்கினேன், அது தளர்ந்த இடம் போலிருக்கிறது.

பழையசெயின்:
சரியாகப் பிடித்துவிட்டாய். எப்போதும் அதிகம் விறைத்த இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். 20 முதல் 30 மி.மீ. என்பது பல வண்டிகளுக்கு. இப்படி இறுக்கமாகவே ஓடினால் முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பேரிங்கும் சீலும் அடி வாங்கும். நீ உட்கார்ந்தால் பின்சக்கரம் மேலே ஏறும்போது செயின் இன்னும் விறைக்கும் என்பதையும் நினைத்துக்கொள்.

ஆனால் இவ்வளவு வித்தியாசம் என்றால் செயின் சீராகத் தேயவில்லை, அதன் காலம் முடிந்தது. பின் பல்சக்கரத்தின் கடைசிப் புள்ளியில் செயினை விரலால் பின்னோக்கி இழு. பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிகிறதா?

முதல்ஸ்பேனர்:
தெரிகிறது. பல்லும் ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது.

பழையசெயின்:
அப்படியானால் செலவு இங்கேதான், கிளட்ச்சில் இல்லை. செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்தே மாற்று. புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். அதுவரை விறைத்த இடத்தில் 20 மி.மீ. வருமாறு தளர்த்தி மெதுவாக ஓட்டு.

முதல்ஸ்பேனர்:
செட் வாங்கிவிட்டேன். கசிவும் நின்றுவிட்டது, காலையில் தரை காய்ந்து கிடந்தது. ஒரே சந்தேகம்: செயினை இணைக்கிற கண்ணியில் மீன் மாதிரி ஒரு கிளிப் இருக்கிறதே, அது எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும்?

எண்ணெய்க்கை:
மூடிய தலைப்பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து, திறந்த வால் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டித் திறந்துகொள்ளலாம். ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு செயினை மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறும். இரு பக்கத் திருகும் ஒரே கோட்டில் இருக்கட்டும். நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே செருகிய ஊசி (காட்டர் பின்) இருந்தால் அதையும் புதிது போடுங்கள்.

முதல்ஸ்பேனர்:
பூட்டிவிட்டேன். விறைத்த இடம் 24, தளர்ந்த இடம் 27. சத்தமே இல்லை. கிளட்ச்சும் மூன்று நாளாக வழுக்கவில்லை. இப்போது ஒரு சுற்றுப் போகிறேன்.

பழையசெயின்:
நில். புதுச் செயின் நீளம் குறைவு, சக்கரம் முன்னால் வந்திருக்கும். பின் பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தாயா?

முதல்ஸ்பேனர்:
இப்போதுதான் மிதித்தேன். பெடல் அடிவரை சும்மா இறங்குகிறது, கடைசியில்தான் கொஞ்சம் பிடிக்கிறது! ராடின் நட்டைத் திருகித் திருகி பெடலின் சும்மா ஆட்டத்தை 25 மி.மீ.க்குக் கொண்டுவந்துவிட்டேன். சக்கரமும் உரசாமல் சுற்றுகிறது, பிரேக் லைட்டும் எரிகிறது. இப்போது போகலாமா?

பழையசெயின்:
போ. தெருமுனை வரை மெதுவாகப் போய் இரண்டு தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போ.