மெடல் எல்லாம் பதக்கமா? ‘முகவட்டு’, ‘அச்சுவெட்டுநர்’ குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒரு கலை வரலாற்றுக் கட்டுரையின் மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பதக்கம் வென்ற பிசனெல்லோ’ என்று ஒரு வரி வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியரான பிசனெல்லோ எந்தப் பதக்கத்தையும் வெல்லவில்லை, அதைச் செய்தவர் அவர். ஆங்கிலத்தில் வென்றவருக்கும் செய்தவருக்கும் ‘மெடலிஸ்ட்’ என்ற ஒரே சொல்தான். மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தவரைக் குறிக்க நம் கையில் ஒரு சொல் இருந்திருந்தால் அவர் ஏன் தடுமாறப்போகிறார்?

பரிசாக அல்லாமல் கலைப்பொருளாக, உருவம் பொறித்துச் செய்யப்படும் ‘மெடல்’ என்ற உலோக வட்டத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் முன்பு வந்த பரிந்துரை ‘உருவப்பதக்கம்’. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தமிழில் பதக்கம் என்றால் முதலில் ஆரத்தின் நடுவே தொங்கும் அணி. அதனால்தான் ஓட்டப்பந்தயத்தில் வென்றவர் கழுத்தில் நாடாவோடு தொங்குவதற்கு அந்தச் சொல் இயல்பாகப் பொருந்திவிட்டது. நாம் பேசும் பொருளோ உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, புரட்டிப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது.

1438இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் திருச்சபைகளின் பேரவைக்காக இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தார். அவரைப் பிசனெல்லோ வெண்கலத்தில் வார்த்தது இந்தக் கலையின் தொடக்கம் என்பார்கள். அகலம் ஏறத்தாழ 10 செ.மீ. ஒரு பக்கத்தில் கூம்பிய உயரமான தொப்பி அணிந்த பேரரசரின் பக்கவாட்டு முகம். மறுபக்கத்தில் அதே மனிதர் குதிரைமேல், சாலையோரச் சிலுவையின் முன் நின்று வணங்குகிறார். அவருக்குப் பின்னால் இன்னொரு குதிரை நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அந்தச் சிறிய வட்டத்துக்குள் ஒரு குதிரையைப் பின்புறமாக நிறுத்திக் காட்டத் துணிந்த கையை நினைத்து நான் வியக்காத நாளில்லை. கையொப்பத்தையும் பாருங்கள்: ‘ஓவியன் பிசானோவின் படைப்பு’ என்று இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்திருக்கிறார் (பிசானோ என்பதும் பிசனெல்லோவின் பெயரே). வெண்கலத்தில் வேலை செய்தபோதும் தன்னை ஓவியன் என்றே சொல்லிக்கொண்டார்.

இதற்கு முதலில் எனக்குத் தோன்றிய சொல் ‘வில்லை’. அலுவலகச் சேவகர்கள் அணிந்த பித்தளை வில்லை பலருக்கு நினைவிருக்கும், ‘வில்லைச் சேவகன்’ என்ற வழக்கே இருந்தது. தட்டையான வட்டம், உலோகம், மேலே பொறிப்பு எல்லாம் சரிதான். ஆனால் ‘உருவில்லை’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், காதில் ‘உரு இல்லை’ என்றே விழுகிறது. உருவத்துக்காகவே பிறந்த பொருளுக்கு அந்தப் பெயர் ஆகாது. இயற்பியலிலும் மருந்துக் கடையிலும் அந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன.

ஆகவே என் பரிந்துரை ‘வட்டு’. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று குறள் சொல்லும் பழைய சொல். வட்டெறிதலிலும் குறுவட்டிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. முகம் தாங்கியது முகவட்டு. முகம் இல்லாமல் காட்சியோ கட்டடமோ மட்டும் இருப்பதையும் சேர்த்துச் சொல்லப் பொதுப்பெயராகச் சிற்பவட்டு. மெழுகில் உருவை வனைந்து வெண்கலத்தில் வார்ப்பவர் வட்டுச் சிற்பி.

அவரோடு முடிந்துவிடவில்லை. வார்த்தல் ஒரு தொழில், அடித்தல் இன்னொரு தொழில். நாணயம் அடிக்கப்படுவது. அதற்கான எஃகு அச்சைக் கையால் வெட்டியவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாக நினைக்க வேண்டியிருந்தது. வலப்புறம் பார்க்கும் முகத்தை இடப்புறம் பார்ப்பதாக வெட்ட வேண்டும். எந்தக் கன்னமேடு நாணயத்தில் எழுந்து தெரிய வேண்டுமோ அதுவே அச்சில் ஆழம். புழங்கும் நாணயத்தில் அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட வேண்டும். வெட்டிய பள்ளத்தில் மெழுகை அழுத்தி எடுத்துப் பார்த்தால்தான் முகம் எப்படி வந்திருக்கிறது என்று தெரியும். ஒரு கீற்று கூடுதலாக வெட்டிவிட்டால் அதை நிரப்ப வழியில்லை.

லண்டன் தங்கசாலையின் தலைமை அச்சுவெட்டுநராக 1828 முதல் இருந்த வில்லியம் வயன் இதில் பெரிய கை. 1837இல் விக்டோரியா அரசி லண்டன் நகர மன்றத்துக்கு வந்ததன் நினைவாக அவர் செய்த முகவட்டில் உள்ள இளம் முகம்தான், 1840இல் உலகின் முதல் அஞ்சல்தலையில் ஏறியது. 1840 என்று பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயிலும் விக்டோரியாவின் முகம் அவர் வெட்டியதே. சில ரூபாய்களில் கழுத்து முடியும் இடத்தில் அவருடைய முதலெழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

‘செதுக்குநர்’ போதாதா என்று கேட்கலாம். பாத்திரக் கடையில் குடத்தில் ‘பெயர் வெட்டித் தாருங்கள்’ என்றுதான் கேட்கிறோம். கல்லில் இருப்பது கல்வெட்டு. உலோகத்துக்கும் எழுத்துக்கும் நம் மக்கள் வைத்திருக்கும் வினை ‘வெட்டு’. எனவே அச்சுவெட்டுநர்.

நுணுக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1911ஆம் ஆண்டு ரூபாய் சான்று. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் மிகச் சிறிய யானை ஒன்று உண்டு. தும்பிக்கை குறுகி வந்ததால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்து, அந்த நாணயம் திரும்பப் பெறப்பட்டது. 1912 ரூபாயில் யானை ஐயத்துக்கு இடமின்றி யானையாக வந்தது. கடுகளவு உலோக மேடு ஒரு நாட்டின் புழக்கத்தையே அசைத்திருக்கிறது.

‘நினைவு நாணயம்’ நிலைத்துவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். 1964இல் நேருவுக்கு வந்ததும், 1995இல் தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவோடு வந்ததும் சட்டப்படி பணம். முகவட்டு பணம் அல்ல. முகம் பொறித்த பழங்காசுகளுக்கு மட்டும் ‘முகக்காசு’ என்ற சொல்லையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளில் மனிதத் தலையும், அதன்மேல் தமிழ்ப் பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயரும் இருக்கின்றன. உரோமக் காசுகளைப் பார்த்துப் பழகிய ஒருவர் வெட்டிய அச்சாக இருக்க வேண்டும்.

இரு பக்கங்களுக்கும் தலைப்பக்கம், பூப்பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். சுண்டிப் போடும் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்.

வயனின் எழுத்துகள் இருக்கும் அந்தக் கழுத்து முடியும் கோட்டுக்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. ‘கழுத்துவெட்டு’ என்று எழுதவே கை கூசுகிறது. ‘கழுத்துவரை’ என்றால் அளவைச் சொல்வதுபோல் இருக்கிறது. சிற்ப வேலையோ பொன் வேலையோ தெரிந்தவர்கள் வீட்டில் மார்பளவுச் சிலையின் அடிவிளிம்பை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா?

அன்புடன்