புதுப்பிப்பு: பக்ஸ்கின் கல்ச் போய் வந்தேன்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பக்ஸ்கின் கல்ச் என்ற மிகக் குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்கு ஆகஸ்டில் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மழைக்காலம், வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அக்டோபரில் போனோம்.

வயர் பாஸ் என்ற கிளைப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினோம். சில இடங்களில் இரு கைகளையும் விரிக்கக்கூட அகலமில்லை. அண்ணாந்து பார்த்தேன். எட்டாத உயரத்தில் பெரிய மரக்கட்டை ஒன்று இரு சுவர்களுக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. வெள்ளம் கொண்டுபோய்ச் செருகியது! நீங்கள் சொன்னது அங்கேதான் உறைத்தது: தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும் எங்கோ தொலைவில் பெய்யும் மழை போதும், வெள்ளம் பாய்ந்து வந்துவிடும்; ஏறித் தப்ப வழியில்லை.

இடுப்பளவு சேற்றுநீர் இரண்டு இடங்களில்; கால்கள் மரத்துப்போயின. மாலையில் மேகம் திரண்டது. அங்கிருந்து திரும்பும் ஹவுஸ் ராக் பள்ளத்தாக்கு மண்சாலை நனைந்தால் வண்டி நகராது என்பதால் உடனே கிளம்பிவிட்டோம்.

ஏப்ரலில், இந்தப் பள்ளத்தாக்கு போய்ச் சேரும் பரியா ஆறுவரை நடக்க ஆசை.