பத்மினி பம்பர், கிரில்லுக்கு பவுடர் கோட்டிங்கா பெயிண்டா?

முத்தியால்பேட்டை பத்மினி:
86 மாடல் பிரீமியர் பத்மினி காருங்க, பம்பர் கிரில் எல்லாம் குரோம் உரிஞ்சு துரு ஏறிப்போச்சு, வீடு வேற கடலோரம், திரும்ப குரோம் போட கட்டுப்படியாகல, கருப்பு அடிச்சிடலாம்னு இருக்கேன். எது நிக்கும்?

கடலூர் ஓடி:
பம்பர் இரும்புதானே, பவுடர் போடுங்க. பெயிண்ட பொடியா தூவி 180-200 டிகிரி ஓவன்ல வச்சு உருக்குவாங்க, பட்டி போட்ட இடம் தாங்காது, ரப்பர் எல்லாம் கழட்டிடணும். பழைய குரோமை பிளேட்டிங் பட்டறைல கெமிக்கல்ல உரிச்சிட்டு அப்புறம் பிளாஸ்டிங் (மணல் பீச்சி துரு எடுக்கறது), அடில துரு தடுக்க ஜிங்க் (துத்தநாக) பிரைமர் கேட்டு வாங்குங்க, கேக்கலன்னா போட மாட்டாங்க. நான் பிரைமர் இல்லாம போட்டேன், ஒரு கல்லு பட்டு சில்லு போன இடத்துல உப்புக்காத்து பூந்து தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு, ஒரு பம்பரே தண்டம்.

பழைய வண்டி பைத்தியம்:
முதல்ல காந்தம் வச்சு பாருங்க தம்பி. ஒட்டலன்னா, கனமாவும் இருந்தா அனேகமா ஜிங்க் வார்ப்பு, சூட்டுல உள்ள இருக்க காத்து வெளிய வந்து மேல ஊசி ஓட்டை விழும். அதுக்கு எபாக்ஸி பிரைமர், மேல 2கே பெயிண்ட் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது). சில்லு போனாலும் டச்சப் பண்ணிக்கலாம், பவுடர்ல அது சரியா சேராது.

முத்தியால்பேட்டை பத்மினி:
வச்சு பாத்தேன்ணா, பம்பர்ல ஒட்டுது, கதவு கைப்பிடில ஒட்டல. அப்போ பம்பருக்கு மட்டும் பவுடர்.