மழ பேஞ்சா டிஎஸ்எல் லைட் போயிருது, திரும்ப வர ரொம்ப நேரம் ஆவுது

அண்ணாச்சிமாரே, அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கேன். மழ பேஞ்சா மோடத்துல டிஎஸ்எல் (போன் கம்பி வழியா வர்ற நெட்) லைட் அணைஞ்சிருது, எரிஞ்ச பொறவும் நெட் வர நேரமாவுது, ரீபூட் பண்ணிப் பண்ணி கை வலிக்கி. என்ன செய்யலாம்?

பதில்: மொதல்ல ரீபூட்ட நிப்பாட்டும்வே. சிக்னல் வந்தா மோடம் தானா ட்ரெயின் ஆவும் (லைனுக்கு ஏத்த வேகத்த அதுவே பாத்து முடிவு பண்ணும்), நடுவுல ஆஃப் பண்ணுனா மறுபடி மொதல்லேருந்துதான். எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சல தாங்க சிக்னலுக்கு இருக்க கூடுதல் பலம்) 6 டெசிபலுக்குக் கீழ போவுதான்னு பாரும், போச்சுன்னா லேசா இரைச்சல் வந்தாலே லைன் விழுந்துரும். நெட் கம்பெனிகிட்ட அந்த மார்ஜின் டார்கெட்ட 9 டெசிபல் ஆக்கச் சொல்லும், ஸ்பீடு கொறையும், ஆனா நிக்கும்.

பதில்: லைட் எரிஞ்சும் நெட் இல்லன்னா அது பெரும்பாலும் பிபிபிஓஇ (நெட் கம்பெனில லாகின் ஆவுற மொற), பழைய செஷன் கம்பெனி பக்கம் இன்னும் சாவல. மோடத்துல ஆன் டிமாண்ட் (தேவப்பட்டாத்தான் கனெக்ட் ஆவும்) இருந்தா ஆல்வேஸ் ஆன் போடுங்க.

பதில்: மழைன்னாலே கம்பி ஜாயிண்ட்ல தண்ணிதான். லேண்ட்லைன் போன எடுத்துக் கேளுங்க, கரகரன்னா செட்டிங் மாத்தி ஒண்ணும் ஆவாது, லைன்மேன கூப்புடுங்க.

கேட்டவர்: கரகரன்னுதான் கேக்கு அண்ணாச்சி.