கடலோரத்தில் எதுக்குப் பாரம்பரியப் பட்டம்: மாகிம் அலையாத்திக்கா, ஊர்த் தேரிக்கா?

தாராவி நெல்லையன்:
பாரம்பரியச் சின்னமாக் காப்பாத்த வேண்டியது எதுன்னு கேட்டா, பம்பாய்த் தமிழங்க எல்லாரும் மாகிம் அலையாத்தியத்தான், அந்தச் சேத்துல வளருற மாங்குரோவ் காட்டைத்தான் சொல்லுதீங்க. அதை வெட்டக்கூடாது, 50 மீட்டருக்குள்ள கட்டடம் கூடாதுன்னு 2005-லயே ஐகோர்ட் சொல்லியாச்சு. சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிக்கு யார் பேசுதா? இரும்புச்சத்து ஏறிச் சிவந்த மணலைக் காத்து குவிச்ச மேடு. கற்காலக் குறுங்கருவி கிடைச்ச இடம். விசாகப்பட்டினத்துல இதே மாதிரிச் செம்மணல் மேடு தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். நம்ம பக்கம்னா திருவக்கரை கல்மரத்தோட பேச்சை முடிச்சுருதாங்க.

சயான் மீனா:
அண்ணாச்சி, 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆத்தோரம் அலையாத்தியை அழிச்சு மண்ணடிச்சதும் அன்னிக்கு வெள்ளத்தைக் கூட்டுச்சு. உங்க தேரி யாரைக் காப்பாத்துது? ஐகோர்ட் உத்தரவு தாள்ல இருக்கு, ராத்திரி லாரி வந்து இடிபாட்டைக் கொட்டிட்டுப் போகுது. கோடாலியே வேண்டாம். ஓதம், அதாவது கடல் ஏத்தத் தண்ணி, ஏறுற வாய்க்காலை அடைச்சாப் போதும், மரம் நின்னபடி காயும். யாரைப் பிடிப்பீங்க?

தாராவி நெல்லையன்:
அதுக்குக் காவல் போடணும், கேஸ் போடணும். பட்டம் எதுக்கு? அலையாத்திக்குச் சேறும் ஓதமும் திரும்பக் கிடைச்சா முளைச்சுரும். தேரி அப்படியில்ல. இல்மனைட்டுங்கிற டைட்டானியம் தாதுவுக்காக அள்ளிச் சலிச்சுட்டு மிச்ச மணலை அதே குழியில கொட்டினாலும் அடுக்கு குலைஞ்சு போகும். கடலும் காத்தும் எப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்றதே அந்த அடுக்குதான். (மாகிம் பக்கத்துலயே குடியிருந்துக்கிட்டு இப்படிப் பேசுதேன்னு வீட்லயும் ஏச்சுதான்.)

வாஷி ராம்நாட்டான்:
பட்டம் கொடுத்த இடத்துல யாரு உள்ள போகலாம்னு ரெண்டு பேரும் பேசவே இல்லையே. மன்னார் வளைகுடா 1986-ல தேசியப் பூங்கா ஆச்சு. 21 தீவு. சுண்ணாம்புக்குப் பவளப்பாறை வெட்டினதை நிறுத்தினது நல்லதுதான், மறுக்கல. ஆனா விரல்ல துணி சுத்திக்கிட்டு மூழ்கிப் பாசி எடுக்கிற எங்க ஊர்ப் பொம்பளைங்க, அம்மா காலத்துல இருந்து போன தீவுக்கே பயந்து பயந்து போறாங்க.

சயான் மீனா:
இது நியாயமான கேள்வி. தானே ஓடை 2015-ல பூநாரைச் சரணாலயம், 2022-ல ராம்சார் தலம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம். அங்க வலை வீசுற கோளிக்காரங்களை விட்டுட்டு எழுதுற எந்தக் காகிதமும் எனக்கு வேண்டாம். ஆனா அண்ணாச்சி, "முளைச்சுரும்"னு சுளுவாச் சொல்றீங்க. மண்ணடிச்ச இடத்துல பதினஞ்சு மாடி எழும்பின பிறகு எங்க முளைக்கும்?

தாராவி நெல்லையன்:
மாடி கட்டின இடத்துல முளைக்காதுதான். அதனாலதான் காவல் வேணும்னேன். பட்டியல்னு வந்தா என் ஓட்டு தேரிக்கே. பனையேறியும் ஆட்டுக்காரரும் எப்பவும் போல உள்ள போய் வரலாம்னு உத்தரவுல முதல் வரியா எழுதிருங்க. எழுத மாட்டோம்னா, ராம்நாட்டு அண்ணாச்சி கட்சிக்கு நானும் வந்துருதேன்.